கீரிப்பிள்ளையின் காது

எதையும் அழிக்காதே. என் தொழிலில் நான் எனக்கே போட்டுக்கொண்ட சட்டம் அது. இருபத்திரண்டு வருஷமாக ஒலிப்பதிவு செய்கிறேன், ஒரு தும்மலைக்கூடத் தூக்கிப் போட்டதில்லை. ஸ்டுடியோவில் எல்லோருக்கும் நான் 'சவுண்டு அக்கா'. பார்க்கிற வேலையை வைத்தா, போடுகிற சத்தத்தை வைத்தா என்று கேட்டால் ஆளாளுக்கு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

நாங்கள் எடுப்பது மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடர். ஒரு கீரிப்பிள்ளைக் குடும்பம்: அப்பா கீரி, அம்மா கீரி, குட்டிக்கீரி. பாம்பு கிடையாது. குட்டிக்கீரி பல் தேய்க்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும், ஒரு கால் செருப்பைத் தொலைக்கும். அப்பா கீரி சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பும். ஏழு நிமிஷம் முடிவதற்குள் எல்லாம் சரியாகி மூன்றும் சேர்ந்து சிரிக்கும். "எந்த வீட்லப்பா இப்படி நடக்குது?" என்று முதல் வாரமே கேட்டேன். "நடக்கலைன்னுதானேக்கா எடுக்கறோம்" என்றான் டைரக்டர். முப்பது வயதுப் பிள்ளை. தங்கமானவன், வாய் மட்டும் ஓட்டை.

குட்டிக்கீரிக்குக் குரல் கொடுப்பவள் ஆறு வயதுப் பெண். எங்களுக்கு அவள் வாண்டு. குரல் முதலில், படம் பிறகு. அவள் பேசியதை நாங்கள் அனுப்பினால்தான் வரைகிறவர்கள் அதற்கு வாயசைவு போடுவார்கள்.

வந்த புதிதில் மைக்கைப் பார்த்தாலே அவளுக்குத் தொண்டை அடைத்துவிடும். அதனால் மைக்குக்கு மேலே ஒரு துணிக் கீரிப்பிள்ளையைக் கட்டித் தொங்கவிட்டேன். "மைக்கிட்ட பேசாத. இதுகிட்ட பேசு. செவப்பு விளக்கு எரியறப்பதான் நாங்க கேப்போம். அணைஞ்சிட்டா நீயும் அதுவும்தான்" என்றேன். அன்றிலிருந்து மடை திறந்த மாதிரி பேசினாள்.

நான் சொன்னதில் பாதி பொய். விளக்கு அணையும், ஒலிப்பதிவு அணையாது. காலையில் அவள் உள்ளே போனதிலிருந்து வெளியே வரும்வரை நிறுத்தாமல் ஓடும். குழந்தையின் நல்ல சிரிப்பு, நல்ல முணுமுணுப்பு எல்லாம் வசனத்துக்கு நடுவே வராது, விட்ட இடத்தில்தான் வரும். ஒவ்வொரு இடைவேளை முடிந்ததும் நானும் டைரக்டரும் அதைப் போட்டுக் கேட்டு, பிடித்ததை எடுத்துக்கொள்வோம். பரிசு வாங்கின எங்கள் கொட்டாவிகூட அப்படித் திருடியதுதான்.

வழக்கமாக அவளை அழைத்து வருவது அம்மா. காசு கொடுத்தாலும் நாலு வார்த்தை பேசாத பெண். இரண்டு மாதத்துக்கு முன்னால் மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வந்தாள். "கதவுல மாட்டிக்கிச்சுக்கா" என்றாள். "பாத்து சாத்தக்கூடாதா?" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன். என் வாயில் மண்ணைத்தான் போட வேண்டும்.

ஏனென்றால் என் காதுக்கு ஏற்கெனவே தெரியும். அப்பா கீரி வீட்டுக்கு வரும் காட்சி எப்போது வந்தாலும் வாண்டுவின் மூச்சு மேலே ஏறிக்கொள்ளும். "என்ன நடிப்பு பாத்தீங்களா" என்பான் டைரக்டர். அது நடிப்பில்லை என்று எனக்கு எட்டு மாதமாகத் தெரியும். தெரிந்தும், நமக்கெதற்கு ஊர் வம்பு என்று இருந்தேன்.

அந்தப் புதன்கிழமை அவளை அப்பா கூட்டி வந்தார்.

பார்த்தால் குறை சொல்ல முடியாத மனிதர். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, எல்லோருக்கும் ஒரு சிரிப்பு. பத்து நிமிஷத்தில் வரவேற்பறைப் பெண்ணிலிருந்து வாசல் காவலாளிவரை கையில் போட்டுக்கொண்டார். என் அறைக்கு வந்ததும், "இந்தக் கதவு சரியா சாத்தலையேக்கா" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்த சின்ன ஸ்க்ரூ டிரைவரால் தாழ்ப்பாளை முடுக்கிக் கொடுத்தார். தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பு வேலையாம். தினமும் காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட், அன்று மட்டும் விடுப்பு. "கதவுன்னா எனக்கு ஒரே சாத்துல சாத்தணும்" என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன், அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

அன்றைய கதை கண்ணாமூச்சி. குட்டிக்கீரி ஒளிந்துகொள்ளும், அப்பா கீரி தேடும். இரண்டரை மணி நேரம் எடுத்தோம். பிறகு இடைவேளை விட்டு விளக்கை அணைத்தேன். டைரக்டர் போன் பேச வெளியே போனான். வாண்டு எப்போதும்போல் உள்ளேயே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உயர நாற்காலியில் உட்கார்ந்து பால் குடித்தாள். அப்பா எனக்குப் பின்னால் சோபாவில். என் அறை ஸ்பீக்கரை மூடிவிட்டு ஹெட்போனை மட்டும் மாட்டியிருந்தேன்.

அவள் தம்ளரை வைத்துவிட்டுக் கீரிப்பிள்ளையின் காதைப் பிடித்து இழுத்தாள்.

"உன்கிட்ட மட்டும் சொல்றேன். யார்கிட்டயும் சொல்லிடாத. நான் இனிமே வரமாட்டேன். நாளைக்கு அப்பா வேலைக்குப் போனதும் நானும் அம்மாவும் பெரிய பஸ்ஸுல போயிடுவோம். பை கீழ் வீட்டு ஆன்ட்டிகிட்ட இருக்கு. அப்பாவுக்குத் தெரியக் கூடாது. அன்னைக்கு அம்மா கை தானா மாட்டலை. அப்பாதான் பிடிச்சு வெச்சுக்கிட்டுக் கதவைச் சாத்தினாரு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நீ அழாத. உனக்கு வேற யாராவது குரல் குடுப்பாங்க."

திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று கழுத்துக்குக் கட்டளை போட்டேன்.

"என்னக்கா பேசுறா?" அவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்றே தெரியவில்லை.

"பொம்மைக்குக் கதை சொல்றா சார்."

"வீட்ல வாயத் திறக்கமாட்டா. ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் கேக்கறேன்."

"சத்தம் கேட்டா நிறுத்திடுவா. பாவம், விளையாடட்டும்."

அவர் போகவில்லை. கண்ணாடி வழியாக மகளின் உதட்டையே பார்த்தார். அவள் நிமிர்ந்தாள், அப்பாவைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். ஒரு குழந்தை அவ்வளவு சீக்கிரம் முகத்தைத் துடைத்து வைத்ததை நான் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து டைரக்டர் உள்ளே வந்தான். "என்னக்கா, ஏதாவது மாட்டிச்சா?"

"ஒண்ணும் இல்ல."

"சும்மா சொல்றாங்க சார்" என்று அவரிடம் திரும்பினான். "அக்கா ரெக்கார்டிங்கை நிறுத்தவே மாட்டாங்க. செவப்பு விளக்கெல்லாம் கண்துடைப்பு. புள்ளங்க தனியா பேசறதுதான் எங்களுக்குத் தங்கம். போடுங்கக்கா, சாரும் கேக்கட்டும்."

ஓட்டை வாய் என்று சொன்னேனே.

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் என் கம்ப்யூட்டர் திரைக்கு வந்தது. அவள் பேசிய இடம் அங்கே ஒலி அலையாகப் புடைத்துக்கொண்டு நின்றது. "ஆமா, ஏதோ இருக்கே" என்றார். டைரக்டர் பொத்தானை நோக்கிக் கை நீட்டினான்.

"நானே போடறேன்" என்று கீபோர்டை இழுத்துக்கொண்டேன்.

அந்தத் துண்டை மட்டும் வெட்ட வழியில்லை. நான் நிறுத்தாமல் எடுப்பதால் காலையிலிருந்து எல்லாம் ஒரே நீளப் பதிவு. போனால் மொத்தமும் போக வேண்டும். கம்ப்யூட்டரில் ஒன்று, பக்கத்தில் ஒரு சின்ன மெமரி கார்டில் ஒன்று என்று எங்களுக்கு எப்போதும் இரண்டு பிரதி விழும். வலது கையால் பொத்தான்களைத் தட்டிக்கொண்டே, இடது கைக் கட்டைவிரலால் கார்டை அழுத்தி வெளியே எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். நிரந்தரமாக அழிக்கட்டுமா என்று மெஷின் கேட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கேள்விக்கு 'வேண்டாம்' என்பதைத் தவிர நான் வேறு பதில் சொன்னதில்லை. 'சரி'யை அழுத்தினேன். திரை வெள்ளையானது.



"என்னக்கா பண்ணீங்க?" டைரக்டரின் குரல் கீச்சென்று வந்தது.

"கை தவறிடுச்சு."

"உங்களுக்கா? கார்டுல இருக்குமே."

"காலைல கார்டு போட மறந்துட்டேன்."

அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்கு ஜென்மத்துக்கும் மறக்காது. கல்யாண வீட்டில் சமையல்காரர் அடுப்பு மூட்ட மறந்துவிட்டேன் என்று சொன்னால் அப்படித்தான் பார்ப்பார்கள். "வெள்ளிக்கிழமை அனுப்பணும்க்கா. காலைலேருந்து எடுத்தது மொத்தமும்..." என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "யானைக்கும் அடி சறுக்கும்ப்பா" என்றேன். கார்டு என் உள்ளங்கையில் வேர்வையில் நனைந்துகொண்டிருந்தது.

அவர்தான் முதலில் தெளிந்தார். "விடுங்க தம்பி, மனுஷங்கதானே. நாளைக்கு மறுபடியும் எடுத்துக்கலாம். நானே லீவு போட்டுக் கூட்டிட்டு வரேன்." போனை எடுத்தார். "இப்பவே சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடறேன்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. நாளைக் காலை ஆறு மணிக்கு இந்த மனிதர் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அது ஒன்றுதான் அந்தப் பெண்ணுக்குத் தேவை. அதை நான் என் கையாலேயே கெடுத்துவிட்டேன். அவர் எண்களை அழுத்திவிட்டார், மறுமுனையில் மணி போவது எனக்குக் கேட்டது.

"நாளைக்கு வேண்டாம்" என்றேன். கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது.

இருவரும் திரும்பினார்கள்.

"அவளுக்குத் தொண்டை கட்டப் போகுது. காலைலேருந்து கேட்டுட்டுத்தான் இருக்கேன், ஓரத்துல ஒரு பிசிறு. நாளைக்கு அவளுக்குக் குரல் இருக்காது. எடுக்கணும்னா இப்பவே எடுக்கணும்."

டைரக்டர் என் காதைச் சாமி வாக்கு மாதிரி நம்புகிறவன். போன வருஷம் அப்பா கீரிக்குப் பேசுகிற நடிகருக்குச் சளி பிடிக்கப் போவதை, அவருக்கே தெரிவதற்கு ஒரு நாள் முன்னால் சொன்னவள் நான். அந்த நம்பிக்கையை இப்படிச் செலவு செய்ய வேண்டியிருந்ததே என்று இருந்தது.

"நாலு மணி நேரத்துக்கு மேல புள்ளைய உக்கார வெக்கக் கூடாதுக்கா. ஒன்றரை மணி நேரம்தான் இருக்கு."

"போதும்."

"தொண்டை கட்டுதா?" என்றார் அவர், போனைக் காதில் வைத்தபடியே. "என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

"இனிமேதான் சார் கட்டும். நாளைக்கு வீட்ல படுத்திருக்கட்டும், சரியாயிடும்."

அவர் என்னைப் பார்த்தார். மணி இன்னும் போய்க்கொண்டிருந்தது. எடுத்துவிடுவான், எடுத்துவிடுவான் என்று என் மனசு அடித்துக்கொண்டது. பிறகு அவர் போனை வைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அப்போ இப்பவே முடிச்சிடுங்க."

மைக்கைச் சரி பார்க்கிற சாக்கில் உள்ளே போனேன். முதல் வேலையாக மைக் ஒயரைப் பிடுங்கினேன். கண்ணாடிக்கு முதுகு காட்டிக் குனிந்துகொண்டேன்.

"வாண்டு, நல்லா கேட்டுக்க. இன்னைக்கு இதுகிட்ட வசனத்தைத் தவிர ஒண்ணும் பேசக் கூடாது. விளக்கு அணைஞ்சாலும் பேசக் கூடாது."

அவள் பொம்மையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"நீங்க கேட்டீங்களா?"

பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், வரவில்லை. "கேட்டேன். நான் மட்டும்தான் கேட்டேன். அழிச்சிட்டேன். அப்பா கேக்கலை."

"செவப்பு விளக்கு எரியலையே" என்றாள்.

திட்டவில்லை, அழவில்லை. அவ்வளவுதான் சொன்னாள். நான் எத்தனையோ பேரிடம் ஏச்சுப் பேச்சு வாங்கியிருக்கிறேன், ஒன்றும் அந்த மாதிரி இறங்கியதில்லை.

"தப்பு என்னோடதுதான் கண்ணு" என்றேன். "இப்ப நாம இதைச் சீக்கிரம் முடிக்கணும். முடிச்சாதான் நாளைக்கு அப்பா வேலைக்குப் போவாரு. புரியுதா?"

தலையாட்டினாள். ஒயரை மாட்டிவிட்டு வந்தேன்.

இரண்டரை மணி நேரத்தில் செய்ததை ஒன்றரை மணியில் செய்தோம். அவளை நான் இதற்குமுன் அதட்டியதே கிடையாது, அன்று அதட்டினேன். "இழுக்காத. அடுத்தது. திரும்பச் சொல்லு." டைரக்டரே என் முழங்கையைத் தொட்டு, "விடுங்கக்கா, குழந்தை" என்றான். அவர் சோபாவில் உட்காரவில்லை. தான் முடுக்கிய கதவில் சாய்ந்து நின்று, ஸ்பீக்கரில் வரும் ஒவ்வொரு சொல்லையும் கேட்டார். கண்ணாமூச்சிக் காட்சியில் அவள் மூச்சு மேலே ஏறியது எனக்குக் கேட்டது. ஆனால் குரல் நடுங்கவில்லை. ஆறு வயதில் அந்த நெஞ்சுரம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கையில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

கடைசி வசனம் பாக்கி இருக்கும்போது நாலு மணி நேரம் முடிந்துவிட்டது. அப்பா கீரி கண்டுபிடித்ததும் குட்டிக்கீரி துள்ளிக் குதித்து "இதோ இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். "அது பழைய கதைங்களோட பதிவுல எங்கயாவது இருக்கும், ஒட்டிக்கலாம்" என்றேன். டைரக்டர் விளக்கை அணைத்தான். முதன்முறையாக விளக்கோடு சேர்ந்து நானும் ஒலிப்பதிவை நிறுத்தினேன்.

கிளம்பும்போது அவர் மகளின் பிடரியில் கை வைத்துக்கொண்டார். "இருபத்திரண்டு வருஷத்துல முதல் தடவையாமே" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "நான் வந்த அன்னைக்குப் பாத்தா கை தவறணும்."

"நேரம் சார்" என்றேன். வாண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள். பொம்மையிடம்கூட விடை பெறவில்லை.

அவள் அம்மாவின் எண் என்னிடம் இருந்தது. போன் செய்யவில்லை. யார் எடுப்பார்கள் என்று எப்படித் தெரியும்? அன்றைக்கெல்லாம் போனைக் கையில் எடுப்பதும் கீழே வைப்பதுமாகவே பொழுது போனது.

மறுநாள் பதினோரு மணிக்கு அவர் வந்தார். அதே சட்டை, கசங்கியிருந்தது. கதவைத் தட்டவில்லை. அவரைப் பார்த்ததும் எனக்கு முதலில் பயம் வரவில்லை. போய்விட்டார்கள், சாமி, போய்விட்டார்கள் என்று நெஞ்சு நிறைந்தது. பயம் அதற்குப் பிறகு வந்தது.

"எங்க போயிருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியாது சார்." அது சத்தியமான உண்மை.

"நேத்து ஏதோ சொன்னா. அதனாலதான் அழிச்சீங்க." குரல் உயரவே இல்லை. கதவை ஒரே சாத்தாகச் சாத்திவிட்டு அதன் முன்னால் நின்றார். "அப்புறம் எடுத்தது இருக்குல்ல? அதைப் போடுங்க. ஏதாவது சொல்லியிருப்பா."

டைரக்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டான். "போட்டுடுங்கக்கா" என்றான் காற்றுக் குரலில்.

முதல் நாள் கார்டு மேஜைக்கு அடியில் என் கைப்பையில் இருந்தது. கதவு, கை, யார் பிடித்தது என்று எல்லாவற்றையும் ஒரு குழந்தை தன் வாயால் சொன்ன பதிவு. அம்மா என்றைக்குக் கேட்டாலும் கொடுப்பேன். பையைக் காலால் மெதுவாக உள்ளே தள்ளிவிட்டு, இரண்டாவது பதிவைப் போட்டேன்.

அப்பா கீரிக்குப் பேசுகிறவர் தனியாக வேறு நாளில் வந்து பேசுவார். அதனால் பதிவில் மகளின் குரல் மட்டும் இருக்கும், அப்பா பேச வேண்டிய இடமெல்லாம் வெறும் அமைதி. அவர் அசையாமல் நின்று கேட்டார். சிரிப்பு வந்தது, ஓடுகிற மூச்சு வந்தது. பிறகு ஐந்து விநாடி ஒன்றுமில்லை.

"நான் இங்க இல்லையே" என்றது ஸ்பீக்கர்.

அவர் உதடு துடித்தது. மறுபடியும் அமைதி. கட்டிலுக்கு அடியில் இருக்கியா என்று அப்பா கீரி கேட்க வேண்டிய இடம்.

"அங்கயும் இல்லையே."

எனக்குப் பாவமாக இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அந்த மாவுக்கட்டை நினைத்துக்கொண்டேன், பாவம் போய்விட்டது. அடுத்த இடைவெளி கொஞ்சம் நீளம். அவர் தன்னை அறியாமல் ஸ்பீக்கரை நோக்கிக் குனிந்தார்.

"எங்கம்மா இருக்க?" என்று கேட்டார்.

"நான் எங்கயுமே இல்லையே" என்றாள் வாண்டு.

அதோடு பதிவு முடிந்துவிட்டது. கண்டுபிடிக்கிற வசனம் எடுக்கவில்லை அல்லவா. அவர் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுக்கப்புறம்?"

"இதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.